குதிகால் வலி: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

"குதிங்கால்ல முள்ளு வளந்திருக்குதாமுங்க, ஆப்ரேஷன் பண்ணோணுங்களா?" தறிப்பட்டறையிலிருந்தும் பனியன் கம்பெனியிலிருந்தும் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் பலர் இந்தக் கேள்வியோடுதான் உட்காருவார்கள். கையில் எக்ஸ்ரே கவர் இருக்கும். கவரைப் பிரிப்பதற்கு முன்னால் எனக்குத் தெரியவேண்டியது இரண்டு. வலி எந்த இடத்தில் என்று ஒற்றை விரலை வைத்துக் காட்ட வேண்டும். நாளில் எந்த நேரம் அதிகம் என்று சொல்ல வேண்டும். குதிகால் வலிக்கு ஒரு காரணம் இல்லை, பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. எது உங்களுடையது என்பதை எக்ஸ்ரேயைவிட இந்த இரண்டு பதில்களும் நன்றாகவே காட்டிக்கொடுக்கும்.

காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் உயிர் போகிறது. பத்து அடி நடந்தால் பரவாயில்லை. இது என்ன?

பெரும்பாலும் இது பாதத்தின் அடிப்பட்டையில் வரும் கோளாறு. டாக்டர் சீட்டில் பிளான்டார் ஃபேஷியைட்டிஸ் என்று எழுதியிருப்பார். குதிகால் எலும்பின் அடியில் தொடங்கி விரல்களின் அடிவரை தடித்த பட்டை ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண் மாதிரி இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். வருஷக்கணக்கில் அதன்மேல் பளு ஏறும்போது, எலும்போடு சேரும் இடத்தில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. ஆறுவதற்குள் மறுபடி கிழிகிறது. நாளாக ஆக அந்த இடம் தடித்து நைந்துபோகிறது.

தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடப்பதால் பட்டை சுருங்கியிருக்கும். விடிந்ததும் முழு எடையோடு அதை இழுத்தால் குத்தத்தானே செய்யும்? நடக்க நடக்கத் தளர்ந்துவிடும். ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர்வரை பஸ்ஸில் உட்கார்ந்து வந்து காந்திபுரத்தில் இறங்கும்போது அதே குத்து மறுபடி வருகிறதா? அப்படியானால் சந்தேகமே வேண்டாம். சாயங்காலம் வரும் வலி வேறு மாதிரி, மந்தமாகக் கடுக்கும். அழுத்திப் பார்த்தால் குதிகாலின் அடியில், உள்பக்கம் ஓரமாக ஒரு புள்ளியில் சுருக்கென்று இருக்கும்.

நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இது அதிகம். எடை கூடியவர்கள், தட்டைப் பாதம் அல்லது வளைவு மிக அதிகமான பாதம் உள்ளவர்கள், கெண்டைக்கால் இறுகியவர்கள், நாள் முழுக்க நிற்கிறவர்கள் ஆகியோருக்குக் கூடுதலாக வரும்.

எக்ஸ்ரேயில் முள் தெரிகிறது. அதை எடுக்காமல் வலி போகுமா?

போகும். வலிக்குக் காரணம் முள்தான் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாகப் பதிந்துவிட்டது. உண்மையில் 10 பேரை எக்ஸ்ரே எடுத்தால் ஒருவருக்காவது முள் இருக்கும். அப்படி முள் இருக்கிறவர்களில் 20 பேருக்கு ஒருவருக்குத்தான் வலி. அந்த முள் நீங்கள் மிதிக்கிற திசையில் குத்திக்கொண்டும் இல்லை. விரல்களை நோக்கிப் படுத்தவாக்கில் வளர்ந்திருக்கும். பட்டை குணமானதும் வலி நிற்கும், முள் அப்படியே இருக்கும், அது பாட்டுக்குக் கிடக்கட்டும்.

முதல் தடவையே முள்ளை வெட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு எலும்பு டாக்டரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எனக்குக் குதிகாலுக்கு அடியில் இல்லை, பின்னால் வலிக்கிறது. இதுவும் அதேதானா?

இல்லை, இது வேறு கதை. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு சேர்க்கும் தடித்த தசைநாரை நாம் குதிகால் நரம்பு என்கிறோம். டாக்டர்கள் அக்கிலிஸ் என்பார்கள். அது எலும்பில் பதியும் இடம் நைந்தால் பின்பக்கம் தடித்து, ஷூவின் விளிம்பு பட்டாலே வலிக்கும். அங்கே உள்ள சின்னத் திரவப் பை வீங்கினாலும் இதே இடத்தில்தான் வலி. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கிய மறுநாள் இந்த வலியோடு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சில வாரம் மேடேறுவதைக் குறைத்து, குதி சற்று உயர்ந்த செருப்புப் போட்டாலே பாதி குறையும்.

ஒரு எச்சரிக்கை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் சிலருக்கு இந்த நரம்பைப் பலவீனமாக்கும். வயது அறுபதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டும் சேர்த்து எடுக்கிறவர்கள் கவனம். சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ இப்படி மாத்திரை சாப்பிடும்போது குதிகால் பின்பக்கம் வலி தொடங்கினால், அன்றே எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். ஓடும்போதோ தாவும்போதோ 'படீர்' என்று சத்தம் கேட்டு, பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம். சுளுக்கு வழிக்கப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேறு இடங்களில் வலித்தால்?

குதிகாலின் நடு மத்தியில், கல் மேல் நிற்கிற மாதிரி வலி. வெறுந்தரையில் அதிகம், மெத்தென்ற செருப்பில் குறைவு. இது குதிகாலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு மெத்தை தேய்ந்ததன் அடையாளம். அமுச்சி, அப்பாரு (பாட்டி, தாத்தா) வயதில் இது சகஜம். நல்ல குஷன்தான் வைத்தியம், வேறு பெரிதாக ஒன்றும் தேவைப்படாது.

எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துகிற மாதிரி இருந்து, இரவில் படுத்தாலும் விடவில்லை என்றால் நரம்பு அழுத்தம். மேலே சொன்ன தசைநார் இல்லை, உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு. அது கணுக்காலின் உள்பக்கத்திலும் இருக்கலாம், இடுப்பு எலும்பில் ஜவ்வு விலகி அங்கிருந்து இறங்கியும் வரலாம். இடுப்பு வலியும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். குதிகால் வலிதானே என்று அதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

பித்தவெடிப்பு ஆழமாகப் பிளந்தாலும் குதிகாலை ஊன்ற முடியாது. இதற்கு யூரியா கலந்த களிம்பும், இரவில் சாக்ஸும் போதும். பிளேடால் சீவாதீர்கள்.

நின்றபடியே வேலை. கம்பெனியை விட முடியாது. என்னதான் செய்வது?

திருப்பூரில் செக்கிங், அயர்ன், கட்டிங் எல்லாமே நின்றபடிதான். ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவர்கள் சிமென்ட் தரையில் வெறுங்காலோடு தறிக்குத் தறி நடக்கிறார்கள். நூல் மில்லில் சைடு (மெஷின் வரிசை) பார்க்கிறவர்களுக்கு நிற்பதும் நடப்பதும் கலந்து வரும். "ஓய்வு எடுங்கள்" என்று இவர்களிடம் சொல்வது சுலபம். வாரச் சம்பளக்காரருக்கு அது மருந்துச் சீட்டில் எழுதக்கூடிய விஷயம் இல்லை.

செய்யக்கூடியது இவ்வளவு. காலடியில் தடித்த ரப்பர் மேட், அது கிடைக்காவிட்டால் நாலாக மடித்த கோணிப்பையாவது போட்டு நில்லுங்கள். மேஜைக்கடியில் செங்கல் உயரத்துக்கு ஒரு கட்டை போட்டு, காலை மாற்றி மாற்றி அதன்மேல் வையுங்கள். எடை ஒரே காலில் தங்காது. டீ நேரத்தில் நின்று பேசாமல் உட்காருங்கள். செருப்பை வெளியே விட்டுவரச் சொல்லும் கம்பெனியானால், உள்ளே மட்டும் போடுகிற சுத்தமான செருப்புக்கு அனுமதி கேளுங்கள். சூப்பர்வைசரிடம் தனியாளாகக் கேட்பதைவிட டேபிளே சேர்ந்து கேட்டால் நடக்கும்.

வீட்டிலும் கவனம் வேண்டும். புது வீடுகளில் டைல்ஸ் இல்லாத அறை இல்லை. படுக்கையை விட்டு இறங்கி வெறுங்காலில் டைல்ஸை மிதிக்கிற அந்த முதல் அடிதான் பட்டையை மறுபடி கிழிக்கிறது. "வீட்டுக்குள்ள செருப்பாங்க?" என்று முகம் சுளிப்பார்கள். வெளியே போடாத தனிச் செருப்பு, பூஜை அறை வாசலில் கழற்றிவிடலாம், அவ்வளவுதான். பெண்களுக்கு இதை வற்புறுத்திச் சொல்கிறேன். கம்பெனியில் நின்றுவிட்டு வந்து அடுப்படியில் மறுபடி இரண்டு மணி நேரம் நிற்பவர்கள் அவர்கள்தான்.

எந்தச் செருப்பு வாங்கலாம்?

தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பு வேண்டாம். குதி ஒன்றிரண்டு விரல்கடை உயர்ந்து, வளைவுக்குத் தாங்கல் இருந்து, நடுவில் மடக்கினால் சுலபத்தில் மடங்காததாகப் பாருங்கள். எம்.சி.ஆர். (மெத்தென்ற நுண்துளை ரப்பர்) செருப்பு எல்லா ஊரிலும் கிடைக்கிறது, பலருக்கு அதுவே போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் சிலிக்கான் குதிக்கப்பை ஷூவுக்குள் வைக்கலாம். இரண்டு காலுக்குமே வையுங்கள். பவுண்டரியில் சேஃப்டி ஷூ போடுகிறவர்களுக்கு இது உதவும். விலை அதிகமானால் குணம் அதிகம் என்று இல்லை.

பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு வாரம் செய்தேன், கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் கேட்காது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் செய்ய வேண்டும். சலிப்பான வைத்தியம்தான், ஆனால் இதைவிட நம்பகமானது வேறு இல்லை.

முதல் பயிற்சி, கட்டிலிலிருந்து இறங்குவதற்கு முன். வலிக்கிற காலைத் தூக்கி மற்ற முழங்கால்மேல் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து விரல்களையும் கையால் பிடித்து முட்டியை நோக்கி இழுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலால் பாதத்தின் அடியைத் தடவினால் அந்தப் பட்டை கயிறு மாதிரி விறைத்திருப்பது தெரியும். தெரிந்தால்தான் சரியாக இழுக்கிறீர்கள். 10 வரை எண்ணி விடுங்கள். இப்படி 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. காலையில் முதல் அடிக்கு முன்னால் செய்வதை மட்டும் தவற விடாதீர்கள்.

இரண்டாவது கெண்டைக்காலுக்கு. சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, குதி தரையை விட்டு எழாமல் முன்னால் சாயுங்கள். 30 விநாடி, மூன்று முறை. அப்புறம் அதே முட்டியைச் சற்று மடக்கி இன்னொரு சுற்று.

வலி கொஞ்சம் தணிந்தபின் மூன்றாவது. வாசல் படியில் துண்டைச் சுருட்டி வைத்து, விரல்கள் அதன்மேல் இருக்க நின்று, மூன்று விநாடியில் குதியை உயர்த்தி, இரண்டு விநாடி நிறுத்தி, மூன்று விநாடியில் இறக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். பட்டைக்குப் பலம் ஏறுவது இதில்தான். பக்கத்தில் பிடிமானம் இருக்கட்டும். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஐஸ் உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கடியில் போட்டுப் பத்து நிமிடம் உருட்டலாம்.

செங்கல்லைச் சூடு பண்ணி எருக்கிலை வைத்து மிதிக்கலாமா?

கொங்கு நாட்டில் இதைச் செய்யாத வீடு குறைவு. செங்கல்லை அடுப்பில் சுட்டு, மேலே எருக்கிலையைப் பரப்பி, குதியை வைத்து வைத்து எடுப்பார்கள். சூடு வலியைத் தற்காலிகமாகத் தணிக்கும் என்பது உண்மை. வெந்நீர் ஒத்தடமும் உப்பு ஒத்தடமும் அதே வேலையைச் செய்யும். எருக்கிலை தனியாகப் பட்டையைக் குணமாக்கும் என்று சொல்ல மாட்டேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதல், அதனால் கையைக் கழுவிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் செங்கல் பக்கமே போக வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சூடு தெரியாது. "கதகதன்னுதான் இருந்துச்சுங்க" என்பார்கள், அடுத்த நாள் குதி முழுக்கக் கொப்புளம். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகலாம், ஆறாமலும் போகலாம். ஐஸ் பாட்டிலும் அவர்களுக்கு வேண்டாம்.

ஊசி போட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்கிறார்களே?

ஸ்டீராய்டு ஊசி வலியை வேகமாகக் குறைக்கும். சில வாரங்கள், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். அதற்குள் பயிற்சியும் செருப்பும் சரியாகவில்லை என்றால் வலி திரும்பி வரும். திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகலாம், கொழுப்பு மெத்தை கரையலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை எகிறும். அதனால் இது முதல் வைத்தியம் இல்லை. பயிற்சி எல்லாம் செய்தும் நடக்க முடியாதவருக்கு, ஒரு முறை, எலும்பு டாக்டர் கையால் போடுவது சரி. கல்யாணம் வருகிறது, நிற்க வேண்டும் என்பதற்காகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது எனக்குப் பிடிக்காது.

மாத்திரையும் அப்படித்தான். மருந்துக் கடையில் "குதிகால் வலிக்கு ஒரு செட்" என்று கேட்டு மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு வயிற்றுப் புண்ணும் கிட்னிக் கோளாறும் வருகின்றன. பிரஷர், சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் அதிர்வலை சிகிச்சை, இரவில் பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பட்டை போன்றவை இருக்கின்றன. அறுவை கடைசி, அதுவும் மிகச் சிலருக்கே.

யூரிக் ஆசிட் கூடியிருக்கிறது. அதனாலா?

பெரும்பாலும் இல்லை. யூரிக் ஆசிட் வாதம் வழக்கமாகக் கால் கட்டைவிரல் மூட்டில், ஒரே இரவில் சிவந்து வீங்கி வரும். மாதக்கணக்கில் காலையில் மட்டும் குத்தும் குதிகாலுக்கு ரிப்போர்ட்டில் சற்றுக் கூடிய எண் காரணமாக இருப்பது அரிது. வெறும் எண்ணுக்காகப் பருப்பையெல்லாம் நிறுத்தாதீர்கள்.

பையனுக்கு 26 வயது. இரண்டு குதிகாலும் வலி, இடுப்பும் பிடித்துக்கொள்கிறது என்கிறான்.

இதைச் சாதாரணமாக விடக்கூடாது. இளம் வயது, இரண்டு குதிகாலும், விடிகாலையில் இடுப்பு விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல், ஓய்வில் கூடி நடந்தால் குறைவது. இவை சேர்ந்தால் முதுகெலும்பைத் தாக்கும் வாத நோயாக இருக்கலாம். கண் சிவந்து வலித்தது, தோலில் செதில் படை, சமீபத்தில் வயிற்றுப்போக்கு அல்லது சிறுநீர்த் தொற்று இருந்ததா என்றும் கேட்பார்கள். மூட்டுவாத டாக்டரிடம் காட்டுங்கள். முதலிலேயே பிடித்தால் முதுகு வளையாமல் காப்பாற்றலாம். சிக்குன்குனியா வந்து போனபின் கணுக்காலும் குதிகாலும் மாதக்கணக்கில் வலிப்பதும் உண்டு, அதையும் சொல்லுங்கள்.

பதினோரு வயசுப் பொண்ணு, கபடி ஆடிவிட்டு வந்தால் குதி வலி என்கிறாள்.

எட்டு முதல் பதினாலு வயதுவரை குதிகால் எலும்பின் வளரும் பகுதி இன்னும் ஒட்டியிருக்காது. ஓட்டமும் குதிப்பும் அதிகமானால் அங்கே வலிக்கும். குதியை இரண்டு பக்கமும் அமுக்கினால் நெளிவாள். ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்து, குஷன் வைத்து, கெண்டைக்காலை நீட்டிவிட்டால் போதும். வளர்ந்ததும் தானாகப் போய்விடும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோய் வந்ததிலிருந்து வலி.

கோயமுத்தூரிலிருந்து பழனி 100 கிலோமீட்டருக்கு மேல். வருஷம் முழுக்க நடக்காத கால், தார் ரோட்டில், வெறுங்காலில், சில நாளில் அதைக் கடக்கிறது. சிலருக்குக் குதிகால் எலும்பில் மயிரிழை விரிசல் விழும். அடையாளம்: நடக்க நடக்கக் கூடும், முதல் அடிக்குப் பிறகு குறையாது; குதியை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அமுக்கினால் துடிக்கும். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாமல் போகலாம். எக்ஸ்ரே சுத்தம் என்று நடந்துகொண்டே இருந்தால் விரிசல் பெரிதாகும். எடை வைக்காமல் ஓய்வு வேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். அடுத்த வருஷம் போகிறவர்கள் இரண்டு மாதம் முன்பிருந்தே தினம் நடந்து பழகுங்கள்.

எந்த வலிக்கு அன்றே ஓட வேண்டும்?

விழுந்தோ உயரத்திலிருந்து குதித்தோ ஊன்ற முடியாமல் போனால். தென்னை மரத்திலிருந்து விழுந்தவர்களுக்குக் குதிகாலோடு முதுகெலும்பும் முறிந்திருக்கலாம், அதனால் நடக்க வைக்காதீர்கள். காய்ச்சலோடு குதி சிவந்து சுட்டால். காட்டில் முள்ளோ ஆணியோ ஏறி, சீழோ வீக்கமோ இருந்தால். தடுப்பூசி நினைவில்லை என்றால் டி.டி. ஊசியும் கேளுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாகச் சிவந்து, வலியே குறைவாக இருந்தாலும். எலும்பு உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம், வலிக்கவில்லையே என்று உட்கார்ந்திருந்தால் பாதமே உருமாறிவிடும்.

எங்கே காட்டுவது?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் போதும். அங்கிருந்து தேவைப்பட்டால் கோவை, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளுக்கோ பெருந்துறைக்கோ அனுப்புவார்கள்; எலும்புப் பிரிவும் பிசியோதெரபியும் அங்கே உண்டு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள். பிடித்தால் டிஸ்பென்சரியில் தொடங்கி சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிவரை உங்களுக்கு உரிமை இருக்கிறது. டாக்டர் ஓய்வு எழுதினால், சந்தா நாட்கள் சரியாக இருக்கும்பட்சத்தில் வருஷத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பலருக்கு இது தெரியாமல் பிடித்த பணம் பிடித்தபடியே போகிறது. நடக்க முடியாத பெரியவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோ வருவார். ஊர் செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

எத்தனை நாளில் போகும்?

அடிப்பட்டை வலி என்றால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் கத்தியே இல்லாமல் குணமாகிறார்கள். நாள் பட விட்டு வந்தால் நாள் பிடிக்கும். எடை குறைந்தால் வேகம் கூடும்.

டாக்டரிடம் போகும்போது என்ன எடுத்துப்போவது?

பழைய எக்ஸ்ரே, சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை, சர்க்கரை ரிப்போர்ட். அப்புறம், தினமும் வேலைக்குப் போடுகிற பழைய செருப்பையே போட்டுப்போங்கள். ஆஸ்பத்திரிக்கென்று எடுத்து வைத்த புதுச் செருப்பு வேண்டாம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.